உறையின் உள்பக்கம்

என் தங்கை விடாப்பிடியாக நின்று வாங்கியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். தாய் சேய் நல மையத்துக்கு, முதுகு சாய்த்து உட்காரும் மரப்பெஞ்சு ஒன்று. அதற்காகப் பதினான்கு திங்கட்கிழமைகள் நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். பதினைந்தாவது திங்கட்கிழமை அவள் தலையைக் கண்டதுமே காவலாளி, "பெஞ்சு கிளம்பிடுச்சும்மா, நீ வீட்டுக்குப் போ" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். அது வருவதற்கு முன்பு ஒரு கர்ப்பிணி உள்ளே போனால் இன்னொரு கர்ப்பிணி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தெருவில் வைப்பதாக இருந்த குடிதண்ணீர்க் குழாயைச் சுவருக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தது. என் தையல் கடையிலிருந்து நாற்பத்தொரு நூல்கண்டுகள். என் மனைவியிடமிருந்து ஒரு மன்னிப்பு. இருபத்தாறு வருஷத்தில் எனக்கே கிடைக்காதது. இனிமேல் பணம் கிடையாது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்ட மையம். கடைசியாக ஒரு கையெழுத்து.

இவ்வளவையும் வாங்கியவள் பள்ளிக்கூடம் போனது மொத்தம் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் எங்கள் வீட்டில் அடுத்த குழந்தை பிறந்தது. அம்மா சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலைக்குப் போனதால், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் மூத்தவன், ஆண்பிள்ளை, என் இடுப்பை யாரும் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் நாலு பேர் பிறந்தார்கள். நாலு பேரும் அவள் இடுப்பிலேயே வளர்ந்து இறங்கினார்கள். நான் எட்டாவது வரை படித்துவிட்டுத் தையல் கடைக்குப் போனேன். அந்த உறுத்தல் எனக்கு உண்டு. அதைச் சொன்னால் அவள் விட மாட்டாள்.

"நீ எட்டு வருஷம் படிச்சு என்னத்தக் கிழிச்சே அண்ணா? துணியைத்தானே கிழிச்சுட்டு இருக்கே?"

மையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வயது முப்பத்தொன்று. உதவியாளர் என்று பெயர். பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, குழந்தைகளைத் தராசில் கிடத்தி எடை பார்த்துச் சொல்வது. சம்பளப் புத்தகத்தில் கட்டைவிரல் ரேகை. மையம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், பச்சை பெயின்ட் அடித்த ஜன்னல் நாலு. அந்த ஜன்னல்கள் நாலும் நாலு அளவு. திரை தைத்தவன் என்பதால் எனக்குத் தெரியும். மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, நர்சின் சம்பளம், என் தங்கையின் சம்பளம் எல்லாம் அரசாங்கப் பணம். மையத்துக்கு எத்தனை குழந்தைகள் வருகிறார்கள், அவர்கள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்த்து, தலைமை அலுவலகம் வருஷத்துக்கு ஒருமுறை பணம் ஒதுக்கும். இது இல்லையென்றால் அடுத்த மையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நிறைமாத வயிற்றோடு இரண்டு பஸ் மாறுவதைப் பற்றி என்னைவிடப் பெண்கள் எழுதினால் சரியாக இருக்கும்.

அரசாங்கப் பணத்தைப் பற்றி என் தங்கைக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. தாழ்ப்பாள் விஷயமாக நகராட்சியில் ஒரு குமாஸ்தா, "நிதி இல்லைம்மா" என்றாராம்.

"எப்படி இல்லாம போகும் சார்? நான் சோப்பு வாங்கினா வரி பிடிக்கிறீங்க. தீப்பெட்டி வாங்கினா வரி பிடிக்கிறீங்க. எங்க தெருவுல நாப்பது வீடு சோப்புப் போட்டுக் குளிக்குது. அதுல ஒரு தாழ்ப்பாள் வராதா?"

குமாஸ்தா சிரித்துவிட்டார். சிரித்த கையோடு எழுதியும் கொடுத்தார்.

தாய்மார்கள் அவளைத் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தராசு பழைய மாதிரி. வட்ட முகமும் ஒரு முள்ளும் உள்ளது. ஒரு கிலோவுக்கு ஒரு நீளக் கோடு, நூறு கிராமுக்கு ஒரு குட்டைக் கோடு. அவளுக்கு எண்கள் தெரியாது. கோடுகளை எண்ணிச் சொல்வாள். "மூணு பெருசு, ரெண்டு சின்னது" என்று அவள் சொன்னால் நர்ஸ் மூன்று கிலோ இருநூறு என்று எழுதுவார். நாளடைவில் தெருவே அப்படிப் பேச ஆரம்பித்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி என் கடைக்கு ரவிக்கை தைக்க வந்தால், "எங்க பொண்ணு ஏழு பெருசு நாலு சின்னது ஆயிட்டா" என்பாள். புதிதாகக் கேட்பவர்கள் அவளுக்குப் பதினோரு பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

குழந்தையின் எடை எழுதும் அட்டை தாயிடமே இருக்கும். அது மெல்லிய காகிதம். ஒருமுறை யாரோ ஒருத்தி பால் கொட்டி ஊறிப்போன அட்டையைக் கொண்டுவந்தாள். என் தங்கை அன்றே கடைக்கு வந்து கழிவுத்துணி மூட்டையைக் கிளறினாள். இரண்டு மடிப்பு வைத்து, உள்ளே வெள்ளை லைனிங் கொடுத்து, அட்டை நுழைகிற அளவில் ஓர் உறை தைத்தாள். அடுத்த வாரம் மூன்று பேர் கேட்டார்கள். ஒரு வருஷத்தில் எல்லா அட்டைக்கும் உறை வந்துவிட்டது. ஒன்று போல் இன்னொன்று இருக்காது. பூப்போட்டது, கட்டம் போட்டது, ஒரு மாப்பிள்ளையின் கோட்டில் மிஞ்சிய சாம்பல் துணி. அவளுக்கு அட்டையில் இருக்கும் பெயரை வாசிக்கத் தெரியாது. உறையைப் பார்த்துத்தான் கூப்பிடுவாள். "யாரும்மா நீலக் கட்டம்? உள்ளே போ."

உறையில் எனக்கு ஒரு குறை இருந்தது. வெளிப்பக்கம் கச்சிதமாகத் தைப்பாள். உள்பக்க லைனிங்கில் மட்டும் வரிவரியாக ஏதோ தையல் ஓடும். ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, கொஞ்ச தூரம் ஒரு நிறம், அப்புறம் வேறு நிறம். லைனிங் நகராமல் இருக்கப் போட்ட தையல் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் கண்டித்தேன்.

"நம்ம வீட்டுப் பிள்ளை தைச்சதுன்னு வெளிய சொல்ல முடியுமா? தையல் ஒரே சீரா வேண்டாமா?"

"அது அப்படித்தான் அண்ணா."

"எது அப்படித்தான்?"

"நீ உன் காலரைப் பாரு."

என் மனைவிக்கு நூல்தான் கவலை. இரண்டு மாதத்துக்கு ஒரு கண்டு காணாமல் போவதை முதலில் கண்டுபிடித்தது அவள். "என்னங்க, நம்ம கடையில எலி இருக்கு. பச்சை நூலா பார்த்துத் தின்னுற எலி" என்பாள், தங்கை காதில் விழுகிற மாதிரி. "உறைக்கு ஒரு நிறம் போதாதா? வானவில்லு விக்கிறாளா உங்க தங்கச்சி?" தங்கை பதில் பேச மாட்டாள். அவள் பதில் பேசாத விஷயம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்பதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

இப்போது அவள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். அவளே சொல்லச் சொல்லியிருக்கிறாள்.

ஒருத்திக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. "அக்கா, புது அட்டை வாங்கணுமா?" என்று கேட்டாள். என் தங்கை, "எதுக்குப் புதுசு? அதையே எடுத்துட்டு வா, கீழே பாதி காலியாத்தானே இருக்கு" என்றாள். அப்போதிருந்த நர்ஸ் வயதானவர். தெருவில் உள்ள ஒவ்வொரு குழந்தையையும் தெரியும். மையத்தில் இருந்த புது அட்டைகளும் அப்போது தீரும் நிலையில் இருந்தன. அவரும் மூத்ததன் எடைகளுக்குக் கீழேயே இளையதன் எடையை எழுதினார். தன் பெரிய புத்தகத்தில் மட்டும் தனித்தனிப் பக்கம் போட்டுக்கொண்டார். தாய்மார்களுக்கும் அது பிடித்துவிட்டது. மூத்தது நன்றாக வளர்ந்த அட்டை, ராசியான அட்டை, உறையும் அழகானது, எதற்கு மாற்ற வேண்டும்? வீட்டுக்கு ஓர் அட்டை என்று ஆகிவிட்டது.

நாலு வருஷம் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. பிறகு பெரிய நர்ஸ் ஓய்வு பெற்றார். அவருடைய புத்தகத்தைத் தலைமை அலுவலகம் எடுத்துக்கொண்டு போய், எங்கே வைத்தது என்று மறந்துவிட்டது. புதிதாக ஒரு சின்னப் பெண் நர்சாக வந்தாள். கம்ப்யூட்டர் முறையும் வந்தது. ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு நம்பர் ஒட்டி, அட்டையில் உள்ள எடைகளை மேலிருந்து கீழே அப்படியே ஏற்றி அனுப்பச் சொன்னார்கள். சின்ன நர்ஸ் சொன்னபடி செய்தாள்.

அந்த வருஷம் கம்ப்யூட்டரின்படி எங்கள் மையத்துக் குழந்தைகள் வளர வளரச் சிறுத்துப்போனார்கள்.

2011 மார்ச் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை. ஜன்னல் திரைக்கு அளவெடுக்க நான் மையத்துக்குப் போயிருந்தேன். முதல் ஜன்னலில் இருக்கும்போது தலைமை அலுவலகத்து அதிகாரியம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கையில் இரண்டு தடித்த பைல். தங்கை நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் ஸ்டூல் மேலேயே நின்றுவிட்டேன்.

"சிஸ்டர், இதைப் பாருங்க. நாப்பத்திரண்டாம் நம்பர் குழந்தை. போன வருஷம் பதினோரு கிலோ இருநூறு. இந்த வருஷம் மூணு கிலோ நானூறு. என்ன ஆச்சு?"

"தெரியலையே மேடம்."

"அம்பத்தேழாம் நம்பர். ஒன்பது கிலோ இருந்தது மூணு கிலோவுக்கு வந்திருக்கு. தொண்ணூத்தாறு குழந்தைங்கள்ல அறுபத்தஞ்சு இப்படி. நாங்க பணம் கொடுக்கிறது குழந்தைங்க வளரணும்னுதான். இங்க பணம் வர வரக் குழந்தைங்க சுருங்குது. அடுத்த வியாழக்கிழமை நிதிக் கூட்டம். இந்த மையத்துக்கு நிறுத்திட்டு வேற ஊருக்குக் கொடுக்கலாம்னு எழுதியாச்சு. உங்க பதிலையும் சேர்க்கணுமேன்னுதான் வந்தேன்."

அவர் கோபமாகப் பேசவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் பேசினார். சின்ன நர்சின் மூக்கு நுனி சிவந்துவிட்டது. இன்னும் ஒரு கேள்வி கேட்டால் அழுதுவிடுவாள்.

தங்கைதான் கேட்டாள். "நாப்பத்திரண்டு யாரு சிஸ்டர்?"

நர்ஸ் தாளைப் புரட்டினாள். "ரொட்டிக்கடை வீட்டுப் பொண்ணு."

"அவளா? அதோ பெஞ்சு மேல ஏறிக் குதிச்சுட்டு இருக்காளே!"

எல்லோரும் தாழ்வாரத்தைப் பார்த்தோம். மூன்று கிலோ நானூறு கிராம் என்று தாளில் இருந்த குழந்தை, கன்னம் கொழுகொழுவென்று, கையில் ஒரு பன்னோடு, பெஞ்சிலிருந்து தொப்பென்று குதித்துவிட்டு மறுபடி ஏறியது. அதன் தாய் மடியில் இரண்டு மாதக் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

தங்கையின் முகம் மாறுவதை ஸ்டூல் மேல் இருந்து பார்த்தேன். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த அறையில் நாங்கள் நாலு பேர். மற்ற மூன்று பேருக்கும் இன்னும் புரியவில்லை. அவள் சும்மா இருந்திருந்தால் பழி அந்தச் சின்ன நர்ஸ் மேல் போயிருக்கும். ஓர் உதவியாளரை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

"மேடம், தப்பு என்னோடது" என்றாள். "மூணு கிலோ அவளோடது இல்லை. அந்த மடியில தூங்குது பாருங்க, அதோடது. வீட்டுக்கு ஒரு அட்டைன்னு நான்தான் சொன்னேன்."

"உங்களுக்கு யார் சொன்னது அப்படி?"

"யாரும் சொல்லலை. எங்க வீட்டுல தண்ணிக்கு ஒரு அட்டை. கரண்ட்டுக்கு ஒரு அட்டை. எல்லாமே வீட்டுக்கு ஒண்ணு. இது மட்டும் தலைக்கு ஒண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுல அச்சடிச்சிருப்பாங்களாம். அச்சடிச்சிருந்தா எனக்கென்ன, எனக்குத்தான் படிக்கத் தெரியாதே!"

அதிகாரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும்மா. எந்த எடை எந்தக் குழந்தையோடதுன்னு இப்போ யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"ஞாபகத்துலயா? அதைக் கொண்டுபோய் பைல்ல வைக்க முடியாதும்மா."

"ஞாபகத்துல இல்லை மேடம். நூல்ல இருக்கு."

வெளியே போய் ரொட்டிக்கடைக்காரியிடமிருந்து உறையை வாங்கிவந்தாள். அட்டையை உருவி நர்ஸ் கையில் கொடுத்தாள். உறையைச் சட்டைப்பையைப் போல உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மேஜை மேல் வைத்தாள். நான் கண்டித்த அதே தையல்.

"தராசுல இருக்கிற மாதிரிதான் மேடம். நீளத் தையல் ஒரு கிலோ, குட்டைத் தையல் நூறு. ஒரு தடவை வந்தா ஒரு வரி. பச்சை நூல் பெரியவளோடது. எண்ணிப் பாருங்க, கடைசி வரி பதினோரு பெருசு ரெண்டு சின்னது. இதோ இங்க சிவப்பு ஆரம்பிக்குதே, இது கைக்குழந்தை. மூணு பெருசு நாலு சின்னது. புதுக் குழந்தைன்னா புது நிறம்."

அதிகாரியம்மா விரலை வைத்து எண்ணினார். நர்ஸ் அட்டையில் இருந்த எண்களைப் படித்தாள். பதினான்கு வரியும் பொருந்தின. இருபத்தொன்பது வருஷம் ஊசி பிடித்த நான், அந்தத் தையலைக் கையில் வைத்துக்கொண்டு, சீராக இல்லை என்று சொன்னேனே என்று ஸ்டூல் மேல் நின்றபடி வெட்கப்பட்டேன்.

"இதை ஏன்மா இத்தனை நாளா யாருகிட்டயும் சொல்லலை?"

"எல்லாரும் பேனாவால எழுதுறாங்க. நான் போய் நூலால எழுதுறேன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? குழந்தை போன தடவையைவிட ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு எனக்கே பார்த்துக்கத்தான் போட்டேன்."

தொண்ணூற்றாறு உறையையும் திங்கட்கிழமைக்குள் கொண்டுவந்து வைத்தால் தானே உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பதாக அதிகாரியம்மா சொன்னார். சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றும் சொன்னார். "கூட்டம் வியாழக்கிழமை. அதுக்குள்ள வரலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். தங்கையைப் பார்த்து, "நூல் எலின்னு சொன்னேன் இல்லை? அது தப்பு. மன்னிச்சுக்கோ" என்றாள்.

"பரவாயில்லை அண்ணி. தின்னது நிஜம்தானே."

"ஆனா ஒண்ணு. சொல்லிட்டுத் தின்னிருக்கலாம்."

வெள்ளிக்கிழமை கடையை மூடிவிட்டு நானும் இறங்கினேன். நான் மேலத்தெரு, மனைவி கீழத்தெரு, தங்கை மற்ற எல்லாம். தாய்மார்கள் அவ்வளவு எளிதில் உறையைக் கொடுக்கவில்லை. "திருப்பிக் கொடுப்பீங்களா? துவைச்சுடாதீங்க, சாயம் போயிடும்" என்று ஆயிரம் நிபந்தனை. ஒருத்தி அட்டை இல்லாமல் உறையில் சாவிக்கொத்து வைத்திருந்தாள். ஒருத்தி வீடு மாறி மூன்று ஊர் தள்ளிப் போயிருந்தாள். அவள் கணவர் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச்சீட்டு குத்தி, வீட்டை எழுதி, எண்ணிக் கட்டினேன். தொண்ணூற்றைந்து இருந்தது. மறுபடி எண்ணினேன். அப்போதும் தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றாறாவது எங்கள் வீட்டிலேயே இருந்தது. பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் விட்டுப்போனது, அவள் பிள்ளையுடையது, அலமாரியில், என் கண் முன்னால்.

"ஊரெல்லாம் தேடினாரு உங்கப்பா" என்று என் மனைவி மகளுக்குப் போன் போட்டு அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமை பாதி நாளும் உறைகளை வாசித்தார்கள். தங்கை எண்ணிச் சொல்ல, நர்ஸ் எழுத, அதிகாரியம்மா அட்டையோடு ஒத்துப் பார்த்தார். தாய்மார்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, பரீட்சை முடிவு வருகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஊதாப் பூ, ரெண்டாவது குழந்தை, எட்டு பெருசு ஒரு சின்னது" என்றால் வெளியே ஒருத்தி, "என்னோடது, என்னோடது!" என்று குதிப்பாள். முப்பத்தொரு உறையில் ஒரே நிறம். அறுபத்தொன்றில் இரண்டு நிறம். நாலு உறையில் மூன்று நிறம். ஆக, குழந்தைகள் தொண்ணூற்றாறு இல்லை, நூற்று அறுபத்தைந்து. ஒரு குழந்தையும் சுருங்கவில்லை.

அதிகாரியம்மா அப்படியே நம்பிவிடுகிறவர் இல்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு மரியாதை. பெரிய ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போடும்போது எடை பார்த்து வேறு புத்தகத்தில் எழுதுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்து உறையை உருவி, அந்தக் குழந்தைகளின் எடையை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டார். ஒன்பது சரியாக இருந்தன. பத்தாவதில் ஆஸ்பத்திரி இருநூறு கிராம் கூடச் சொன்னது.

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

தங்கை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அங்க சட்டையோட போட்டிருப்பாங்க மேடம். நான் கழட்டிட்டுத்தான் போடுவேன்."

அதிகாரியம்மா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தங்கை சொல்லச் சொல்ல வாக்குமூலம் எழுதினார். முதல் வரி இப்படி இருந்தது: "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே குழந்தைகளின் எடையை நூலால் தைத்து வைத்தேன்." தப்பு எப்படி நடந்தது, உறையை எப்படி வாசிப்பது, எல்லாம் ஒன்றரைப் பக்கம். அடியில் கோடு போட்டு நிறுத்தினார்.

"இங்கதான் ஒரு சிக்கல். கைரேகை வெச்சா, அது உங்க ரேகைதான்னு வேற ஒரு அதிகாரி சான்று கொடுக்கணும். விசாரிச்ச நானே சாட்சியும் ஆகக் கூடாது. அந்த அதிகாரி லீவு. வர பத்து நாள் ஆகும்."

"கூட்டம் நாளை மறுநாளாச்சே மேடம்."

"ஆமா. கையெழுத்துன்னா சான்று வேண்டாம்."

தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று ஐந்து. "நாளைக்குக் காலையில வாங்க மேடம்" என்றாள்.

நேரே கடைக்கு வந்தாள். நான் எழுதிக் காட்டலாம் என்று பேனாவை எடுத்தேன். "உன் கையெழுத்தைப் பார்த்தா அளவு நோட்டுல கோழி கிளறின மாதிரி இருக்கு. அண்ணி எழுதட்டும்" என்றாள். அது வாஸ்தவம்தான். என் மனைவி பத்தாவது வரை படித்தவள், முத்துமுத்தான எழுத்து. வெட்டும் மேஜையில் கால் மீட்டர் வெள்ளைத்துணியை விரித்து, தையல் சுண்ணாம்பால் தங்கையின் பெயரை எழுதினாள். ஐந்து எழுத்து.

தங்கை ஊசியில் நூல் கோத்தாள்.

"எழுதக் கத்துக்கிறவங்க யாராவது ஊசியை எடுப்பாங்களா?" என்றாள் மனைவி.

"என் கைக்குத் தெரிஞ்ச வழியில போனாத்தான் வரும் அண்ணி. நீங்க சுண்ணாம்பு போடுங்க."

முதல் தடவை சுண்ணாம்புக் கோட்டின் மேல் தைத்தாள். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே சுழிக்கிறது, எங்கே திரும்பிக் கீழே இறங்குகிறது என்று ஒவ்வோர் எழுத்துக்கும் வாயால் சொல்லிக்கொண்டே தைத்தாள். அஞ்சாவது தடவை என் மனைவி சுண்ணாம்பை மெல்லியதாகப் போட்டாள். ஒன்பதாவது தடவை சுண்ணாம்பே போடவில்லை. மூன்றாவது எழுத்தின் சுழி மட்டும் தலைகீழாக வந்தது. "இதுக்கு யாருடி வாலை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னது?" என்று மனைவி, "உங்க எழுத்துக்கு வாலு ரொம்ப நீளம் அண்ணி" என்று இவள். பதிமூன்றாவது தடவை சரியாக வந்தது. அப்புறம்தான் பேனாவைக் கேட்டாள். ஊசியைப் பிடிக்கிற மாதிரியே பிடித்தாள். நான் மாற்றச் சொல்லவில்லை. சட்டைக்கு அளவு வெட்டும் பழுப்புத்தாளில் அவள் எழுதியவை முப்பத்தேழு. இருபதுக்கு மேல் எல்லாம் படிக்க முடிந்தது. அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அதில் வெட்ட வேண்டிய சட்டைக்கு வேறு தாள் வாங்கிக்கொண்டேன்.

பிறகு நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமைக் கூட்டத்தில் பணத்தை நிறுத்தவில்லை. நூற்று அறுபத்தைந்து குழந்தைகளுக்கு என்று கூட்டிக் கொடுத்தார்கள். குழந்தைக்கு ஓர் அட்டை என்று ஆனது. எல்லாக் குழந்தைக்கும் தனித்தனி உறை வேண்டும் என்று தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். நூல் செலவை மையமே கொடுக்கும்படி என் மனைவி நகராட்சிக்குத் திங்கட்கிழமைகளில் போக ஆரம்பித்தாள். சின்ன நர்ஸ் உறையைத் திருப்பி வாசிக்கக் கற்றுக்கொண்டாள்.

நான் எழுத வந்தது அதற்கு முந்தைய நாளைப் பற்றி. அதிகாரியம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். தாளை மேஜையில் வைத்தார். தங்கை தண்ணீரில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, உட்கார்ந்தாள். பெஞ்சு நிறையத் தாய்மார்கள். ரொட்டிக்கடைப் பொண்ணுகூடக் குதிப்பதை நிறுத்திவிட்டது.

அதிகாரியம்மா முதல் வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அம்மா, மேலே எழுதப் படிக்கத் தெரியாதுன்னு இருக்கு. கீழே கையெழுத்துப் போட்டா எப்படிம்மா பொருந்தும்?"

"நேத்து மத்தியானம் வரைக்கும் தெரியாது மேடம். அதையும் எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார். "நேற்று மதியம் வரை" என்று இரண்டாவது சொல்லுக்கு மேலே பொடி எழுத்தில் சேர்த்திருப்பதை இன்றும் அந்த பைலில் பார்க்கலாம். பிறகு தாளை அவள் பக்கம் திருப்பினார்.

தங்கை ஐந்து எழுத்தையும் எழுதினாள். மூன்றாவது எழுத்தின் வால் சரியான பக்கம் திரும்பியது. எழுதி முடித்து, தையல் முடிந்ததும் நூலை இழுத்துப் பார்ப்பதைப் போல, பேனாவை ஒரு சுண்டு சுண்டி எடுத்தாள். பக்கத்தில் தேதி போட வேண்டும் என்றார்கள். எண்கள் அவளுக்குத் தெரியாது என்பதால் அதை மட்டும் என்னைப் போடச் சொன்னாள். நான் போட்டேன்: 2011 மார்ச் 23, புதன்கிழமை.